மூளையைச் செதுக்கும் மரபணுக்கள்: மனச்சிதைவு நோயின் உயிரியல்

மனச்சிதைவு நோய் ஒரு குடும்பத்தினுள் நுழையும்போது, மருத்துவரைத் தேடுவதற்கு முன்னரே பழிக்குரியவரைத் தேடும் வழக்கம் எல்லாச் சமூகங்களிலும் இருந்து வந்துள்ளது. கற்றோர் உலகமும் இதற்கு விலக்கன்று. 1948ஆம் ஆண்டில் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் என்னும் உளப்பகுப்பாய்வாளர், தாயின் வளர்ப்பு முறையே இந்நோய்க்கு வழிகோலுகிறது என்று பொருள்படும் சொல்லாட்சி ஒன்றைக் கையாண்டார். அதன்பின் பல்லாண்டுக் காலம் மேலைநாடுகளில் எண்ணற்ற தாய்மார் அப்பழியைச் சுமந்தனர். நம்மிடையே ஜின், சூனியம், கண்ணேறு ஆகியவை அந்த இடத்தை நிரப்பின. 1284இல் கெய்ரோவில் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கிய ஒரு நாகரிகத்தின் வாரிசுகள் என்று பெருமை பேசுகிறோம். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர்.

இப்போது மூன்றாவதாக ஒரு பழி உருவெடுத்து வருகிறது. அது இரத்தத்தின் மீதான பழி. "இது பரம்பரை நோய்" என்ற ஒற்றை வாக்கியம் உடன்பிறந்தோரின் திருமணப் பேச்சுகளைக் கூட முறித்துவிடுகிறது. இவ்வாக்கியத்தில் உண்மை எவ்வளவு?

இரட்டையர் ஆய்வுகள், மக்களிடையே இந்நோய் குறித்துக் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபுவழிக் காரணிகளோடு தொடர்புடையது என மதிப்பிடுகின்றன. இவ்வெண் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. இது ஒரு மக்கள் தொகுதியைப் பற்றிய கணக்கே தவிர, தனிமனிதர் ஒருவரின் எதிர்காலத்தைப் பற்றிய கணிப்பன்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த, ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலும், மற்றவருக்கு அது வரும் வாய்ப்பு பாதியளவைக் கூட எட்டுவதில்லை. பெற்றோரில் ஒருவர் நோயுற்றிருக்கும் பிள்ளைகளிலும் பெரும்பான்மையோர் நோயின்றியே வாழ்கின்றனர்.

இதற்கான காரணம் 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றினால் மேலும் தெளிவாயிற்று. 76,755 நோயாளரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்த அவ்வறிஞர்கள், நோயோடு தொடர்புடைய 287 மரபணுப் பகுதிகளை இனங்கண்டனர். அவற்றுள் தனித்தனியே ஒவ்வொன்றின் செல்வாக்கும் மிகச் சிறியது. ஆக, 'மனச்சிதைவு மரபணு' என்று எதுவுமில்லை. நம்முள் ஒவ்வொருவரும் இவ்வேறுபாடுகளில் சிலவற்றைச் சுமந்தவர்களாகவே பிறக்கிறோம். 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமற் போவது போன்ற அரிய மாற்றங்கள் மாத்திரமே பேரளவு ஆபத்தை விளைவிக்கின்றன. அத்தகையோரிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இந்நோய் தோன்றுகிறது.

மிகச் சிறிய ஒரு மரபணு வேறுபாடு மூளையில் என்னதான் செய்கிறது? இவ்வினாவுக்குக் கிடைத்துள்ள விடைகளில் வியப்புக்குரியது 6ஆம் குரோமோசோமில் உள்ளது. நோய் எதிர்ப்பு மரபணுக்கள் செறிந்திருக்கும் அப்பகுதி நோயோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தமை ஆய்வாளர்களை நெடுநாள் குழப்பியது. கிருமிகளை எதிர்க்கும் மரபணுவுக்கும் சிந்தனைச் சிதைவுக்கும் என்ன உறவு?

2016இல் ஸ்டீவன் மெக்கரால், பெத் ஸ்டீவன்ஸ் ஆகியோரின் ஆய்வுக்குழு 'நேச்சர்' இதழில் இதற்கு விளக்கம் தந்தது. சி4 என்னும் மரபணுவின் வடிவமும் எண்ணிக்கையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. சிலரிடம் ஒரு பிரதி, சிலரிடம் பல. குட்டையானவையும் உண்டு, பழங்கால வைரஸ் ஒன்றின் எச்சம் இடையில் செருகப்பட்டதால் நீண்டவையும் உண்டு. மூளையில் சி4ஏ புரதத்தை மிகுதியாக உருவாக்கும் வடிவங்களே நோய் வாய்ப்பையும் கூட்டுகின்றன என்பது புலனாயிற்று.

உடலில் இப்புரதத்தின் பணி, அழிக்கப்பட வேண்டிய கிருமிகள் மீது அடையாளமிடுதல். மூளையிலோ நரம்பணுக்கள் ஒன்றோடொன்று உரையாடும் இணைப்புகள் மீது அடையாளமிடும் பணியில் இது பங்கேற்கிறது. அடையாளமிடப்பட்ட இணைப்புகளை மைக்ரோக்ளியா எனப்படும் துப்புரவு அணுக்கள் விழுங்கிவிடுகின்றன. இது நோயன்று, வளர்ச்சி. குழந்தை மூளை தேவைக்கு மிஞ்சிய இணைப்புகளை உருவாக்குகிறது. முன்மூளைப் புறணியில் 1 முதல் 2 வயதில் அவற்றின் அடர்த்தி முதிர்ந்தோரினதை விட ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதி என்று 1979இல் பீட்டர் ஹட்டன்லாக்கர் எண்ணிக் காட்டினார். மிகையானவை பின்னர் படிப்படியாகக் களையப்படுகின்றன. முன்மூளையில் இச்செதுக்கல் பதின்பருவத்திலும் தொடர்கிறது. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் அப்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவது தற்செயலன்று, செதுக்கல் எல்லைமீறுவதே நோயின் வேராகலாம் என்று 1982இலேயே இர்வின் ஃபைன்பெர்க் கருதினார். 34 ஆண்டுகளுக்குப் பின் அவ்வூகத்துக்கு மரபணுச் சான்று கிடைத்தது.

எனினும் அளவை மறந்துவிடலாகாது. மிகுந்த ஆபத்துடைய சி4 வடிவம், மிகக் குறைந்த ஆபத்துடையதோடு ஒப்பிட, நோய் வாய்ப்பை 1.27 மடங்காக்குகிறது. அதாவது ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு வரக்கூடியது பன்னிருவர் அல்லது பதின்மூவருக்கு வரலாம். எஞ்சிய 987 பேர் அதே மரபணுவோடு நலமாக வாழ்கின்றனர்.

மேலும், 2020இல் வெளியான ஆய்வொன்று இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மனச்சிதைவு வாய்ப்பைக் கூட்டும் இதே சி4 வடிவங்கள், உடலே உடலைத் தாக்கும் லூபஸ் நோய்க்கு எதிராக வலுவான பாதுகாப்பு அளிக்கின்றன. இதை எவ்வாறு 'குறைபாடு' என்றழைப்பது? பெண் பார்க்கும் பேச்சில் 'கெட்ட இரத்தம்' என்று தள்ளுவோர், ஒரு நோயின் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதுகின்றனர்.

இவ்வாய்வுகளின் பெரிய குறை, தரவுகளில் மிகுதியானவை ஐரோப்பிய வம்சாவளியினருடையவை என்பது. ஒரு மக்களிடம் வகுத்த ஆபத்து மதிப்பெண் இன்னொரு மக்களிடம் அதே துல்லியத்தோடு பொருந்துவதில்லை. இவ்வகையில் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. தென்னிந்தியரிடையே நிகழ்ந்த அவ்வாய்வு, நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் பயன்படுத்தும் முறையோடு தொடர்புடைய 8ஆம் குரோமோசோம் மரபணு ஒன்றைச் சுட்டிக்காட்டியது. இதனைக் கொண்டு எவரும் தாமாகவே உயிர்ச்சத்து மாத்திரை விழுங்கத் தொடங்குதல் தகாது. அது சிகிச்சையாக நிறுவப்படவில்லை.

நோயை முன்கூட்டியே உறுதிசெய்யும் மரபணுப் பரிசோதனையும் இன்று இல்லை. ஆனால் நோய் தோன்றியபின் சிகிச்சை உண்டு. குரல்கள் கேட்கத் தொடங்கிய இளைஞன் எத்தனை மாதங்கள் சிகிச்சையின்றிக் கழிக்கிறானோ, அந்த அளவுக்கு அவன் மீட்சி கடினமாகிறது. மரபணுவை மாற்ற நம்மால் இயலாது. அந்த மாதங்களைக் குறைப்பது குடும்பத்தின் கையில் உள்ளது.