திறப்பை யாரிடம் கொடுப்பது?

கோண்டாவிலில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. 1993 இல் கல்யாணத்தின்போது அம்மா சீதனமாக எழுதித் தந்தது. அதில் நாங்கள் குடியிருந்தது இரண்டரை வருடம்கூட இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தெருவில் இறங்கியபோது, கதவைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நாங்களும் இறங்கினோம். கொடிகாமம், கிளிநொச்சி, கடைசியில் முள்ளிவாய்க்கால். முகாமிலிருந்து வெளியே வந்தபின் எனக்கு வேலை வவுனியாவில் கிடைத்தது, மகளின் பள்ளிக்கூடமும் இங்கேயே அமைந்தது.

போன வருடம் ஓர் இளம் குடும்பம் அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டது. கணவன் வங்கியில் வேலை, கைக்குழந்தை ஒன்று. அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு எட்டு மாதம் எடுத்தது. எங்களில் பலருக்கு இப்படி எங்கேயோ ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதனால் அந்த எட்டு மாதத்தில் அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொன்னது ஒன்றுதான். "வாடகைக்கு விட்டால் பிறகு எழுப்பேலாது, பிள்ளை." இந்தப் பயம் வீணானதல்ல. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவரை எழுப்புவதை மிகக் கடினமாக்கி வைத்திருந்தது. தலைமுறையாக நடந்த வழக்குகளின் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பின்னர் வந்த திருத்தங்கள் அந்தப் பிடியைத் தளர்த்தின. எழுத்திலான குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை மீளப்பெறுவதற்கு, மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான நடைமுறை ஒன்றை 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் தந்திருக்கிறது. "எழுத்திலான" என்பதுதான் இங்கே முக்கியம்.

நாங்கள் பயப்பட வேண்டியது வாடகைக்கு இருப்பவருக்கு அல்ல, சும்மா இருப்பவருக்கு என்பது சட்டத்தரணியிடம் போனபிறகுதான் எனக்கு விளங்கியது. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் இன்னொருவரின் காணியை 10 வருடம் தடையில்லாமல், உரிமையாளரின் உரிமையை ஏற்காமல் ஆண்டுவந்தால் அது தனக்கே உரியது என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். மாதாமாதம் வாடகை தருபவர், வீடு உங்களுடையது என்பதை மாதாமாதம் ஒப்புக்கொள்கிறார். அவர் எத்தனை வருடம் இருந்தாலும் இந்த வழியால் உரிமை கோருவது கடினம். "பார்த்துக்கொள்ளுங்கோ" என்று கடதாசி ஒன்றும் இல்லாமல் விட்ட இடத்தில், அவர் உங்கள் அனுமதியோடுதான் இருந்தார் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். போர்க்காலத்துக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது உண்மை. அது பேசுவது 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றி. அதற்குப் பிறகான 10 வருடம் 2019 இலேயே முடிந்துவிட்டது.

இதைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. எங்கள் வீட்டில் 1997 இலிருந்து மயிலிட்டிக் குடும்பம் ஒன்று இருந்தது. 1990 இல் ஊரைவிட்டு எழும்பி, முகாம் முகாமாக அலைந்தவர்கள். மாமாதான் கதவை உடைத்து அவர்களை இருக்கவிட்டார். வாடகை இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. மாமாவும் இறந்துவிட்டார். அவர்கள் நினைத்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. 2017 இல் மயிலிட்டியின் ஒரு பகுதி விடுபட, அடுத்த வருடம் தங்கள் காணியில் கொட்டில் போட்டுக்கொண்டு போனார்கள். போகும்போது அந்த அம்மா வவுனியாவுக்கு பஸ் ஏறி வந்து புதுப் பூட்டின் திறப்பைத் தந்தார். என் வீடு தப்பியது சட்டத்தால் அல்ல, அந்த மனுசியால்.

அதன்பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. ஆளில்லாத வீடு எவ்வளவு கெதியாகக் கெடும் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஓடு உடைந்து மழை இறங்கி, சிலாகையில் கறையான். கிணறு இறைக்காமல் பாசி. பின்வேலி அரை யார் உள்ளே வந்திருந்தது. யார் தள்ளினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

திருத்த 6 இலட்சம் ரூபா ஆகும் என்றார் மேசன். கேட்ட வாடகை 25,000. அதாவது முதல் 24 மாத வாடகை வீட்டுக்கே போய்விடும், எனக்கு மிஞ்சாது. ஒற்றிக்குக் கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. மொத்தமாகக் காசு வரும், வட்டிக்குப் பதிலாக அவர்கள் வீட்டை அனுபவிப்பார்கள். ஆனால் மீட்கும்போது முழுத் தொகையையும் ஒன்றாக வைக்க வேண்டும். சம்பளத்தில் சீவிக்கிற எனக்கு அது சரிவராது. கனடாவில் இருக்கும் தம்பி, "வித்துப்போட்டு நிம்மதியா இரு அக்கா" என்றான். நான் ஏன் விற்கவில்லை, ஏன் வாடகைக்கு விடவும் தயங்கினேன் என்பதை அவனுக்குச் சொல்லவில்லை. என் கணவரை 2009 மே மாதம் வட்டுவாகலில் கடைசியாகக் கண்டேன். வவுனியா விலாசம் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த விலாசம் கோண்டாவில்தான்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840 இலிருந்து இருக்கிற சட்டம். சட்டத்தரணி உறுதியைப் பார்த்துவிட்டு, "அக்கா, கணவரின்ர கையெழுத்தும் வேணும்" என்றார். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் சொந்தச் சீதனக் காணியில்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைவைக்க முடியாது. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவர் இல்லை என்றேன். மரணச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். 2016 திருத்தத்தோடு வந்த, காணாமற்போனமைக்கான சான்றிதழும் என்னிடம் இல்லை. அதையும் வாங்க மறுத்து நிற்கும் குடும்பங்கள் பல. ஏன் என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு வீட்டை வாடகைக்கு விட அவரைச் செத்தவராக்க வேண்டுமா என்று எழும்பி வந்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். அதே 1911 சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், சிறையில் இருந்தால், அல்லது அவருடைய இருப்பிடம் தெரியாவிட்டால், அவரது சம்மதம் இல்லாமலே மனைவி செயற்பட மாவட்ட நீதிமன்றம் கட்டளை தரலாம். இருப்பிடம் தெரியாது. அது பொய்யில்லை. சத்தியக்கடதாசியில் அதை எழுதிக் கையெழுத்து வைக்க எனக்குத் தடையிருக்கவில்லை. என் நிலையில் இருக்கும் பெண்கள், மரணச் சான்றிதழ் கேட்கப்பட்டதும் திரும்பிவிடாமல் இந்தப் பிரிவைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கட்டளை வர மாதங்கள் போயின. அதுவரை அந்தப் பிள்ளைகள் ஒரு அறையில் காத்திருந்தார்கள். இரண்டு வருடக் குத்தகை எழுதினோம். மின்சாரமும் தண்ணீரும் அவர்கள் பொறுப்பு, சோலை வரி என் பெயரில் நானே கட்டுவேன். தேங்காய் அவர்களுக்கு, பலாப்பழம் பாதிப் பாதி. இதையும் எழுதுங்கள், ஊரில் சண்டை வருவது தேங்காயில்தான். விறாந்தைச் சுவரில், மின்மானிக்குக் கீழே, என் தொலைபேசி இலக்கம் பெயின்ரால் எழுதப்பட்டிருக்கிறது. அதை அழிக்கக்கூடாது, என்னைத் தேடி யார் வந்தாலும் அந்த இலக்கத்தைக் காட்ட வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. அந்தப் பிள்ளை வாசித்துவிட்டு, "ஓம் அன்ரி" என்று மட்டும் சொன்னாள்.

ஆறு மாத முற்பணம் 150,000 ரூபாவும் ஓட்டுக்குப் போய்விட்டது. மாரிக்கு முன் குசினிப் பக்கக் கூரையையும் முடிக்க வேண்டும்.