பதிவேட்டில் இல்லாத பிள்ளை

முழுப்பரீட்சை முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே எங்கள் தெருவில் அந்தக் கேள்வி கிளம்பிவிடும். "இந்த லீவுக்கு பிடதி பார்க்குக்குப் போலாம்னு இருக்கோம்க்கா. ரூம் எங்க போட்டா கட்டுப்படியாகும்?"

பெங்களூரு பக்கம் இருக்கும் அந்த தீம் பார்க்கின் டிக்கெட் விலை எல்லோருக்கும் மனப்பாடம். வார நாளில் குறைவு, சனி ஞாயிறு கூடுதல் என்பதும் பிள்ளைகளுக்கே தெரியும். தடுமாற்றமெல்லாம் ரூமில்தான். டிக்கெட்டுக்கு விலைப்பட்டியல் இருக்கிறது. ரூமுக்கு நாளுக்கொரு விலை, கேட்கிற ஆளுக்கொரு விலை. எனவே மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது ரூம் வாடகையில். நானும் கை வைத்தவள்தான். அதைச் சொல்வதற்கு முன்னால், கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

தூரத்துக்கும் வாடகை உண்டு

நம் ஊரிலிருந்து போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெங்களூரின் மெஜஸ்டிக்கில்தான் ரூம் போடுகிறார்கள். ரயில் நிலையம், பஸ் நிலையம், மெட்ரோ எல்லாம் அங்கேதான். ரிசப்ஷனில் தமிழ் பேசுகிறார்கள். சந்துக்குச் சந்து லாட்ஜ். வாடகையும் குறைவு. ஆனால் பார்க் இருப்பது மைசூர் ரோட்டில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெஜஸ்டிக்கில் ரூம் 1,500 ரூபாய், எக்ஸ்ட்ரா பெட் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. அதையும் சேர்த்தால் 1,995 ரூபாய். பிடதி பக்கம் அதே மாதிரி ரூம், பெட்டும் சேர்த்து 2,200 என்றால் வரியோடு 2,310. வித்தியாசம் 315 ரூபாய். மாலையில் நனைந்த துணி மூட்டையோடும் தூங்கி விழும் பிள்ளைகளோடும் ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டால், ஒரு பயணத்திலேயே அந்த மிச்சம் காணாமல் போகும்.

மெட்ரோ இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். 2023 அக்டோபரிலிருந்து பர்ப்பிள் லைன் சல்லகட்டா வரை போகிறது. ஆனால் அதற்கு அப்பாலும் போக வேண்டும். ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் மெயின் ரோட்டில் 2023 ஆகஸ்ட் முதல் ஆட்டோவும் பைக்கும் போகக்கூடாது. சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்துதான் போக வேண்டும். காலையில் உற்சாகத்தில் அது தெரியாது. திரும்பும்போது தெரியும்.

அதனால் நான் சொல்வது, கெங்கேரிக்கும் பிடதிக்கும் நடுவே தேடுங்கள் என்பதுதான். தூத்துக்குடியிலிருந்தும் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்தும் மைசூர் போகும் ரயில்கள் பெங்களூரோடு முடிவதில்லை, கெங்கேரியிலும் நிற்கும். மெஜஸ்டிக்கில் இறங்கித் திரும்ப அதே ரோட்டில் வருவானேன்? காலையில் பிடதியில் ஒரு தட்டே இட்லி. தட்டு அகலத்துக்கு இருக்கும் அந்த இட்லியில் இரண்டு சாப்பிட்டால் மதியம் வரை பிள்ளைகள் பசி என்று சொல்ல மாட்டார்கள். பார்க்குக்குள் சாப்பாட்டுக்குக் கொடுப்பதில் பாதி மிச்சம்.

பார்க்கை ஒட்டியே ரிசார்ட் இருக்கிறது, அலைச்சலே இல்லை என்று சிலர் சொல்வார்கள். வசதி உள்ளவர்களுக்கு அது சரி.

இரவு ஏழு மணிக்கு வெந்நீர்

பார்க் திறப்பது காலை 11 மணிக்கு. ரயிலோ விடியலிலேயே கொண்டுவந்து விட்டுவிடும். ஆன்லைனில் போடும் ரூம்களில் பெரும்பாலும் மதியம் 12 மணிக்குத்தான் சாவி. அந்த நேரத்தில் நீங்கள் பார்க்குக்குள் இருப்பீர்கள். மூட்டை எங்கே இருக்கும்? பல் துலக்குவது எங்கே? பழைய லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. காலை ஆறுக்கு ஏறினால் மறுநாள் காலை ஆறு வரை. ஆறு மணிக்குத் தூங்கும் பிள்ளைகளை எழுப்பிக் கிளப்ப முடியாமல் அரை நாள் வாடகை கூடுதலாகக் கட்டியவர்கள் நிறைய. எந்தக் கணக்கு என்பதை போனிலேயே கேட்டுவிடுங்கள். ராத்திரி ரயிலில் திரும்புகிறீர்கள் என்றால், மூட்டையை வைக்கவும் மாலையில் ஒரு மணி நேரம் குளித்து உடை மாற்றவும் விடுவார்களா என்றும் கேளுங்கள்.

அடுத்து வெந்நீர். சிக்கன லாட்ஜ்களில் 'காலை 6 முதல் 9 வரை வெந்நீர்' என்று குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கும். தீம் பார்க் போகிற குடும்பத்துக்கு வெந்நீர் வேண்டியது சாயங்காலம். நாள் முழுக்கக் குளோரின் தண்ணீரில் கிடந்த பிள்ளைக்குக் கண் சிவந்திருக்கும், தலைமுடி கயிறு மாதிரி ஆகியிருக்கும், உடம்பு அரிக்கும். அந்த நேரத்தில் பச்சைத் தண்ணீரில் நிற்க வைத்தால் வெடவெடவென்று நடுங்கும். குளியலறையில் தனி கீசர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

துணி காய ஜன்னல் இருக்கிறதா என்பதும் முக்கியம். தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தித் துணியை அனுமதிப்பதில்லை. நைலான் மாதிரி நீச்சல் துணிதான். காற்றோட்டமான ஜன்னலோரம் ஒரு கயிறு கட்டினால் அது காலைக்குள் காய்ந்துவிடும். ஏசி ரூம் என்று சொல்லிக் கண்ணாடியை நிரந்தரமாக அடைத்துவைத்த அறையில் காயாது. அந்த அடைத்த ஜன்னலைப் பற்றிப் பின்னால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

"கேட்டா அஞ்சுன்னு சொல்லு"

போன கோடைக்கு முந்தின கோடையில் நாங்கள் நான்கு பேர் போனோம். நான், என் கணவர், எட்டு முடிந்த மகள், நாலு வயது மகன். ரூம் போடும்போது பெரியவர்கள் இரண்டு என்று கொடுத்தேன். பிள்ளைகள் கட்டத்தில் பூஜ்யத்தை விட்டுவிட்டேன். மகளின் வயதைப் போட்டதும் வாடகை ஏறியது, எடுத்ததும் இறங்கியது. அவ்வளவுதான் காரணம். சின்னவன் எப்படியும் இலவசம், பெரியவள் நம்மோடு படுத்துக்கொள்வாள் என்று சமாதானம்.

லாட்ஜ் வாசலில் மகளின் காதில், "கேட்டா அஞ்சு வயசுன்னு சொல்லு" என்றேன். ரிசப்ஷனில் இருந்த தம்பி பதிவேட்டை எடுத்து, கணவரின் ஆதாரை வாங்கி, 'நபர்கள்' என்ற கட்டத்தில் 2 என்று எழுதினான். பிறகு எட்டிப் பார்த்து, "பாப்பாக்கு எத்தனை வயசு?" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். "அஞ்சு" என்றாள். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான். அவனுக்குத் தெரியும்.

மறுநாள் பார்க் வாசலில் வயதே கேட்கவில்லை. அங்கே டிக்கெட் உயரத்துக்கு: 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை டிக்கெட். அளவுகோல் பக்கத்தில் என் மகள் குதிகாலைத் தரையில் அழுத்தி, முதுகை நிமிர்த்தி நின்றாள். இறங்கி வந்து கேட்டாள், "இங்க மட்டும் நெஜத்த சொல்லலாமாம்மா?" அன்று முழுக்க எந்த ராட்டினத்திலும் என்னால் சத்தம் போட முடியவில்லை.

அன்று இரவு ஒரு மணி இருக்கும். கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் வயர் கருகும் நாற்றம். வராந்தாவில் கதவு கதவாகத் தட்டினார்கள். "கீழ இறங்குங்க, கீழ இறங்குங்க." நான் சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கணவர் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். மகள் அவரோடு வருகிறாள் என்று நான், என்னோடு போய்விட்டாள் என்று அவர்.

வாசலில் அதே தம்பி, அதே பதிவேடு. செல்போன் வெளிச்சத்தில் அறை அறையாகக் கூப்பிட்டான். "203?" என் கணவர் கை தூக்கினார். அவன் எங்கள் இருவரையும் பார்த்தான். "ரெண்டு பேரும் வந்தாச்சு" என்று சொல்லி 203-க்கு எதிரே டிக் அடித்தான்.

அப்போதுதான் என் பக்கத்தில் அவள் இல்லை என்று எனக்கு உறைத்தது. கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். முதல் மாடித் திருப்பத்தில், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் செருப்பு. பார்க்குக்கென்று வாங்கிய புதுச் செருப்பை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறாள்.

எதுவும் நடக்கவில்லை. மீட்டர் போர்டில் ஒரு வயர்தான் கருகியிருந்தது. அரை மணி நேரத்தில் எல்லோரும் மேலே போய்த் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. அந்தத் தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் கணக்குச் சரி. கணக்கில் என் பிள்ளையை வைக்காதவள் நான்.

ஆள் கணக்கு எதற்கு

சிக்கனமாக ரூம் எடுப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஆள் கணக்கைத் தாண்டி எனக்கு வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை.

ஒரே அறையில் நெருக்கிப் படுப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். மெஜஸ்டிக்கில் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே 1903-இல் திறந்த தர்மச் சத்திரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்துச் சத்திரங்களில் பாயை விரித்துக் குடும்பமாகப் படுத்தார்கள். நம் தாத்தா பாட்டி திருப்பதிக்கும் பழனிக்கும் போனது அப்படித்தான். ஒரே அறையில் ஆறு பேர் படுத்துத்தானே வளர்ந்தோம், இதிலென்ன என்று கேட்பவர்களின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் சத்திரம் நாலு பக்கமும் திறந்த முற்றம். இன்றைய லாட்ஜ், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செருகிய ஐந்து மாடி. ஒரே மாடிப்படி, அடைத்த ஜன்னல்.

தீ விபத்தில் முதலில் ஆளைச் சாய்ப்பது நெருப்பைவிடப் புகைதான். அது மாடிப்படி வழியே புகைபோக்கியில் ஏறுவது மாதிரி மேலே ஏறும். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பில் வெளியேறும் வழியின் அகலத்தையே ஆள் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். இரண்டு பேர் அறையில் நான்கு பேர் என்று ஒரு மாடி முழுக்க நிரம்பினால், அந்தப் படி தாங்க வேண்டிய கூட்டம் இரட்டிப்பாகும். உள்ளே தேடப் போகிறவர்கள் கையில் இருப்பதோ, நாம் கொடுத்த பொய்க் கணக்கு.

லாட்ஜ்காரர்களும் கண்டும் காணாமல் இருக்கிறார்கள். 'நபர்கள் 2' என்று எழுதினால் அவர்களுக்கும் கேள்வி இல்லை. வெளியே வாடகை குறைவாகத் தெரியும், வாடிக்கையாளர் வருவார். நான்கு பேரை ஏற்றுக்கொண்டு இரண்டு என்று எழுதும் இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கே தங்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

உண்மையைச் சொன்னால் செலவு பெரிதாக ஏறிவிடும் என்கிற பயமும் பாதிக்கு மேல் வீண். நேராக லாட்ஜுக்கே போன் போட்டு, "பெரியவங்க ரெண்டு, எட்டு வயசுல ஒண்ணு, நாலு வயசுல ஒண்ணு. மொத்தமா எவ்வளவு?" என்று கேளுங்கள். இலவச வயது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் ஐந்து வரை, சில இடங்களில் எட்டு வரை, சில இடங்களில் பன்னிரண்டு வரை. இலவசம் என்றால் தனிப் படுக்கை கிடையாது, இருக்கிற கட்டிலில் படுக்க வேண்டும் என்று அர்த்தம். அது பரவாயில்லை, பெயர் பதிவாகிறது, அது போதும். மூன்று கட்டில் உள்ள ஃபேமிலி ரூம் பல லாட்ஜ்களில் ஒன்றிரண்டு இருக்கும். ஆன்லைனில் கண்ணில் படாது, போனில் கேட்டால் கிடைக்கும். சனி ஞாயிறைத் தவிர்த்துச் செவ்வாய், புதனில் போனால் டிக்கெட்டிலும் ரூமிலும் மிச்சமாகும் பணத்தில் எக்ஸ்ட்ரா பெட் போடலாம்.

ரூமுக்குள் போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பிள்ளைகளோடு வராந்தாவில் ஒரு நடை நடங்கள். நம் கதவிலிருந்து மாடிப்படி வரை எத்தனை கதவு என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. இருட்டில் சுவரைத் தடவி வரும்போது அந்த எண் கைகொடுக்கும்.

இப்போது தீம் பார்க்குகள் கிட்டேயே வருகின்றன. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் பெரிய பார்க் ஒன்று திறந்துவிட்டது. இந்தக் கோடையில் கேளம்பாக்கத்திலும் மாமல்லபுரத்திலும் எத்தனையோ குடும்பங்கள் ரூம் தேடும்.

எங்கள் தெருவிலும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் பதிலுக்கு முதலில் ஒன்று கேட்கிறேன். "எத்தனை பேர் போறீங்க?" "நாலு பேருக்கா, ஆனா ரெண்டுன்னு போட்டுட்டு..." என்று இழுத்தால், அந்த மாடித் திருப்பத்தைச் சொல்லிவிட்டுத்தான் லாட்ஜ் நம்பரைக் கொடுக்கிறேன்.