கோபுரம் இல்லாத மணி

இமாசலப் பிரதேசத்தில், தர்மசாலாவுக்கும் மெக்லியோட்கஞ்சுக்கும் இடையே தேவதாரு மரங்களின் நடுவே நிற்கிறது, 1852-இல் கட்டப்பட்ட 'வனாந்தரத்துப் புனித யோவான்' தேவாலயம். 1905 ஏப்ரல் 4 அன்று காங்க்ரா பள்ளத்தாக்கைக் குலுக்கிய நிலநடுக்கம் சுமார் 20 ஆயிரம் உயிர்களைப் பலிகொண்டது. தேவாலயத்தின் கற்சுவர்கள் தப்பின, மணிக்கோபுரம் சரிந்தது.

இங்கிலாந்தில் 1915-இல் வார்க்கப்பட்ட புதிய மணி வந்து சேர்ந்தபோதும் கோபுரம் மீண்டும் எழவில்லை. தேவாலயத்துக்கு வெளியே, வளாகத்திலேயே மணி நிறுவப்பட்டது.

பழைய கோபுரங்களைப் புதுப்பிக்கத் தன்னார்வலர்கள் முன்வருவது போற்றத்தக்கதே. எனினும், இழந்த உயரத்தை மீட்பது மட்டுமே புனரமைப்பு ஆகிவிடாது. நிலநடுக்க அபாயம் நீங்காத அதே மலைச்சரிவுகளில் இன்று பல மாடி விடுதிகள் பெருகிவிட்டன. அவற்றுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகள் அந்தத் தேவாலயத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நல்லது.