கடைசியாகக் கை பட்ட இடம்

நேற்றுவரை ஓடிய கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்து பிளக் மாற்றியாயிற்று. அல்லது பேட்டரி, கொஞ்சம் துணிந்தவர் என்றால் கிளட்ச். எல்லாவற்றையும் மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கவில்லை. வீட்டிலேயே காரில் கை வைக்கிறவர்கள் என்றாவது ஒருநாள் இங்கே வந்து நிற்கிறார்கள். பலரும் அப்போது செய்வது, சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்புவது. அது கைகொடுக்காதபோது, "பம்ப் போயிருக்கும்", "செல்ஃப் மோட்டார் போயிருக்கும்" என்று தொடவே தொடாத பாகத்தின் மேல் சந்தேகப்பட்டு, காசு கொடுத்துப் புதிதாக வாங்கி மாட்டுவது.

விவரமான மெக்கானிக் முதலில் கேட்பது வேறு கேள்வி: "கடைசியா இதுல என்ன வேலை பாத்தீங்க?"

அந்தக் கேள்வியில் ஒரு கணக்கு இருக்கிறது. நேற்றுவரை ஓடிய வண்டியின் பெட்ரோல் பம்ப், நாம் பிளக் மாற்றிய அதே மணி நேரத்தில் தானாகச் சாவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. கழற்றியதை மாட்டாமல் விட்டதற்கும், மாட்டியதை இறுக்காமல் விட்டதற்கும், இறுக்கியதை இடம் மாற்றி இறுக்கியதற்கும் வாய்ப்பு அதிகம். எனவே தேடலும் கை பட்ட இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுக்க எந்த கனெக்டரைப் பிடுங்கினோம், எந்த ஹோஸை ஒதுக்கினோம், எந்த போல்ட்டில் எந்த வயர் சேர்ந்து இருந்தது என்று, செய்த வேலையைப் பின்னாலிருந்து நடந்து பார்க்க வேண்டும். பழுது பார்க்கச் சொல்லித்தரும் வீடியோக்கள் பெரும்பாலும் கழற்றுவதை நிறுத்தி நிதானமாகக் காட்டுகின்றன. மாட்டும் பகுதி வரும்போது, "கழற்றியதற்கு எதிர் வரிசையில் திரும்ப மாட்டுங்கள்" என்று ஒரு வாக்கியத்தோடு ஓடிவிடுகின்றன. குறைகள் பிறப்பது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

சாவியைத் திருப்பும்போது காது கொடுத்துக் கேட்டால் பாதித் தேடல் முடிந்துவிடும். சத்தமும் இல்லை, டேஷ்போர்டில் விளக்கும் இல்லை என்றால் பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே வரவில்லை. விளக்கு எரிகிறது, திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம், விளக்கு மங்கிவிடுகிறது என்றால் கரண்ட் இருக்கிறது. ஆனால் செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் அளவுக்குப் போய்ச் சேரவில்லை. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு ஸ்பார்க், பெட்ரோல், டைமிங் என்று போக வேண்டும். மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். போனில் "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்பவருக்கு எந்த மெக்கானிக்காலும் உதவ முடியாது.

பேட்டரி மாற்றிய பிறகு வரும் தொல்லையை எடுத்துக்கொள்வோம். பேட்டரியின் பாசிட்டிவ் போஸ்ட் நெகட்டிவ்வைவிடச் சற்றுத் தடிப்பாக இருக்கும். இடம் மாற்றி மாட்டிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பெரிய போஸ்ட் வகையில் பாசிட்டிவ் சுமார் 19.5 மி.மீ., நெகட்டிவ் சுமார் 17.9 மி.மீ. சிறிய கார்களில் வரும் ஜப்பானிய வகையில் சுமார் 14.7 மி.மீ., 13 மி.மீ. தடித்த போஸ்டுக்கான கிளாம்ப்பை மெல்லிய போஸ்டில் மாட்டினால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது பிடிக்காது. பார்வைக்கு மாட்டியதுபோலவே இருக்கும். ரேடியோ பாடும், ஹாரன் அடிக்கும், ஏனென்றால் அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும். சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டாரே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தச் சுமை வந்ததும் தளர்ந்த இணைப்பு கைவிட்டுவிடும். கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் குறை அங்கேதான்.

அடுத்தது மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கருவி இல்லாமல் காரில் கை வைப்பதே தவறு. பேட்டரிக்குள் ஆறு செல்; முழு சார்ஜில், ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால். 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால், புதுப் பேட்டரியாகவே இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். கடையில் சார்ஜ் இல்லாமல் நெடுநாள் கிடந்த சரக்காக இருக்கலாம். பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதைக் குறிக்க ஒரே அளவுப் பேட்டரி 'எல்', 'ஆர்' என இரு வகையாக வருகிறது. அதைக் கவனிக்காமல் வயரை இழுத்துப் பிடித்துத் தலைகீழாக மாட்டியவர்களுக்கு மெயின் ஃபியூஸ் உருகும். ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் கருகக்கூடும்.

கிளட்ச் வேலைக்குப் பிறகு வரும் குறை இன்னும் ஏமாற்றக்கூடியது. கியர்பாக்ஸை இறக்கும்போது அதிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் கழற்றுவார்கள். பின்னிய செம்புப் பட்டை, ஒரே ஒரு போல்ட். திரும்ப ஏற்றும்போது அது மறந்துபோகிறது, அல்லது பெயின்டும் துருவும் இருக்கும் இடத்தில் இறுக்கப்படுகிறது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்குத் திரும்பக் கரண்டுக்கு வேறு நல்ல வழி கிடையாது. அது கிடைத்த வழியில் போகும்: ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். சாவியைத் திருப்பியபோது கேபிள் சூடேறிப் புகைந்தால், கேபிளை மாற்றாமல் எர்த் வயரைத் தேட வேண்டும். இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் போஸ்டிலும், மறு முனையைப் பெயின்ட் இல்லாத எஞ்சின் உலோகத்திலும் வைத்து, உதவிக்கு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கை கருப்பாகாமல், ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் கிடைக்கும் விடை இது.

செல்ஃப் மோட்டாரை நிமிடக் கணக்கில் ஓட்டக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு கேடிலாக் காரில் வந்தது. அதற்கு முன் எஞ்சினை இரும்புக் கைப்பிடியால் சுற்றினார்கள். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் மணிக்கட்டு முறியும். எஞ்சினைச் சுற்றப் பெரிய மோட்டார் வேண்டும், அது காருக்குள் அடங்காது என்ற எண்ணம் அன்று இருந்தது. கெட்டரிங் அதற்கு முன் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். சில விநாடிகள் மட்டும் வேலை செய்யும் மோட்டாரை அதன் தாங்குதிறனுக்கு மேல் சுமக்க வைக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய செல்ஃபும் அந்தச் சலுகையில்தான் ஓடுகிறது. பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் ஆற விட வேண்டும்.

செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இப்போது பிளக் வயர். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினுக்கு மூன்றே சிலிண்டர்; பற்றும் வரிசை 1-3-2. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் இரண்டாவது, மூன்றாவது வயர்கள் இடம் மாறிவிட்டால் முதல் சிலிண்டர் மட்டுமே சரியான நேரத்தில் பற்றும். எஞ்சின் உலுக்கும், சைலன்சரில் வெடிக்கும், ஓடாது. நான்கு சிலிண்டர் கார்களில் பெரும்பாலும் 1-3-4-2. ஒவ்வொரு வயராகக் கழற்றி அந்தப் பிளக்கை மாற்றிவிட்டு, பிறகே அடுத்ததைத் தொட்டால் இந்தக் குழப்பமே வராது. வயரைப் பிடித்து பாடியில் காட்டி ஸ்பார்க் பார்க்கும் பழைய பழக்கத்தை இன்றைய கார்களில் விட்டுவிட வேண்டும். பிளக்குக்கு ஒரு காயில் என்று வரும் வண்டிகளில் பாய்வது பல்லாயிரம் வோல்ட். ஆளுக்கும் ஆபத்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வுக்கும் ஆபத்து.

இன்ஜெக்‌ஷன் கார்களில் கிராங்க் சென்சார் என்ற சிறு பாகம் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தி அதிலிருந்து வராவிட்டால் இ.சி.யு. ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் தெளிக்காது. பல கார்களில் இது கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால் கிளட்ச் வேலையின்போது கனெக்டர் கழன்றே கிடந்துவிடுகிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். எண்ணைப் பாருங்கள். எஞ்சின் சுற்றும்போதும் பூஜ்யம் காட்டினால் சந்தேகம் அந்தச் சென்சார் மேல். பி 0335 என்ற கோடும் வந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் கோடு சென்சார் செத்ததாகச் சொல்லவில்லை, அதன் சர்க்கியூட்டில் குறை என்றுதான் சொல்கிறது. வயரையும் கனெக்டரையும் பார்க்காமல் புதுச் சென்சார் வாங்குவது வீண் செலவு.

சாவியும் பழுதில் சேரும். இம்மொபிலைசர் உள்ள காரின் சாவித் தலைக்குள் சிப் இருக்கிறது. தெருவோரத்தில் வெட்டிய நகல் சாவி கதவைத் திறக்கும். பல கார்களில் செல்ஃபைக்கூட அடிக்கும். எஞ்சின் பிடிக்காது, பிடித்தாலும் ஓரிரு விநாடியில் அணைந்துவிடும். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறதா என்று பார்த்தால் போதும். பெட்ரோல் பக்கம் அறிவதும் எளிது. சாவியை 'ஆன்' நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்சீட்டுக்குக் கீழே பம்ப் இரண்டு மூன்று விநாடி 'ஊம்' என்று ஓடி நிற்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், அப்புறம் ரிலே. அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம். பலமுறை அடித்துப் பிளக் நனைந்திருந்தால், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஒருமுறை செல்ஃப் அடிக்க வேண்டும். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்கள் அந்த நிலையில் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும்.

டீசல் காரில் ஃபில்டர் மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், முதல் சந்தேகம் லைனில் காற்று. "ஏர் எடுக்கணும்" என்பார்கள். ஃபில்டருக்கு அருகே உள்ள கைப்பம்ப்பை அது கெட்டியாகும்வரை அழுத்தி, காற்றை வெளியேற்ற வேண்டும். 1998-இல் அறிமுகமான இண்டிகா போன்ற பழைய டீசல்களில் இன்ஜெக்டர் நட்டைச் சற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்துக் காற்று எடுப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தை காமன் ரெயில் வண்டிக்குக் கொண்டுபோகவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பார்-ஐத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும் காயம்.

இவை அனைத்திலும் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கலாம். டைமிங் பெல்ட் மட்டும் அப்படியல்ல. பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வந்து போகின்றன. பெல்ட் சில பல் தள்ளி உட்கார்ந்துவிட்டால் இரண்டும் முட்டி வால்வு வளையும். அதனால்தான் பெல்ட் மாட்டியதும் சாவியைத் தொடாமல், கிராங்க் புல்லியை ஸ்பானரால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்பச் சேர்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஸ்பானர் எங்காவது முட்டி நின்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் செல்ஃப் அடித்து எஞ்சின் பிடிக்காமல் போயிருந்தால், இரண்டாவது முறை அடிக்காமல் வண்டியை ஏற்றி அனுப்புவதே நல்லது. தள்ளியும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் வெட்கப்படாமல், "பெல்ட்டைக் கழற்றினேன், குறி பார்த்து மாட்டினேனா என்று உறுதியில்லை" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் மெக்கானிக் மேல் கவரைத் திறந்து குறிகளைப் பார்ப்பதிலிருந்து தொடங்குவார். சொல்லாவிட்டால் பேட்டரியிலிருந்து தொடங்குவார். கூடவே அவரும் ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார்ப்பார்.