இரு சிறுநீரகங்களிலும் கட்டி: பிள்ளையைக் காக்க வழி உண்டு

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வயிற்றின் ஒரு பக்கத்தில் கட்டியாக ஏதோ கையில் தட்டுப்படுகிறது. பிள்ளைக்கு நோவில்லை; ஓடி விளையாடுகிறது. 'பூச்சியாக்கும்', 'நாவூறாக்கும்' என்று வீட்டார் நாளைக் கடத்துகிறார்கள். வேளாண்மை வெட்டு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார்கள். ஆனால் நோவில்லாத அந்தக் கட்டி சில வேளைகளில் சிறுநீரகப் புற்றுநோயாக இருக்கிறது.

சிறுவருக்கு வரும் இந்நோயை 'வில்ம்ஸ் கட்டி' என்பர். 1899 இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் மக்ஸ் வில்ம்ஸின் பெயரே இதற்கு நிலைத்தது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே வருகிறது. இந்நோய் கண்ட நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் ஏழு பேருக்கு இரு சிறுநீரகங்களிலும் கட்டி இருக்கும். இது தொற்றாது. யாருடைய பாவத்தாலோ செய்வினையாலோ வருவதுமல்ல. கருவில் சிறுநீரகமாக வளரவேண்டிய சில கலங்கள் முதிராமல் நின்று, பின்பு கட்டுப்பாடின்றிப் பெருகுவதே இந்நோய்.

ஏன் சிறுநீரகத்தைக் காக்க வேண்டும்?

ஒரு பக்கத்தில் மட்டும் கட்டி என்றால் அந்தச் சிறுநீரகத்தை முழுதாக அகற்றுவது வழக்கம். மற்றது இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். இரண்டிலும் கட்டி என்றால் அப்படிச் செய்ய முடியாது. இரண்டையும் எடுத்துவிட்டால் இயந்திரத்தால் குருதியைச் சுத்திகரித்தே பிள்ளை வாழவேண்டும். அந்த வாழ்வின் கடினத்தைப் பொலன்னறுவை, அனுராதபுரம் விவசாயக் குடும்பங்கள் நன்கறியும். சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்பகுதிகள் பிறக்கும் முன்பே உருவாகி முடிந்துவிடுகின்றன. வெட்டியெடுத்தது மீண்டும் முளைக்காது. ஆகவே எஞ்சும் ஒவ்வொரு துண்டும் பெறுமதியானது.

சிகிச்சை எப்படி நடைபெறும்?

முதலில் கத்தியல்ல, மருந்து. வின்கிறிஸ்டீன், டக்டினோமைசின், டொக்ஸோரூபிசின் என்னும் மருந்துகளை ஊசிமூலம் ஏற்றிக் கட்டியைச் சுருங்கச் செய்வர். ஆறு வாரத்தின் பின் மீண்டும் ஸ்கான் எடுத்துப் பார்ப்பர். போதாதெனில் இன்னும் ஆறு வாரம் மருந்து. அதற்குமேல் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல. நெல்லைப் பிடுங்காமல் களையைப் பிடுங்குவதுபோல, கட்டியை மட்டும் வெட்டியெடுத்து நல்ல பகுதியைத் தைத்துவிட முயல்வர். பின்பும் மருந்து தொடரும். சிலருக்குக் கதிர்ச் சிகிச்சையும் தேவைப்படும்.

இம்மருந்துகளுள் வின்கிறிஸ்டீன் எமது முற்றத்துப் பட்டிப்பூச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. அதற்காக இலையை அவித்துக் கொடுக்கவேண்டாம். அளவு தவறினால் அது நஞ்சு.

அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளின் வைத்தியர்கள் 2009 முதல் 2015 வரை 189 பிள்ளைகளுக்கு இம்முறையில் சிகிச்சையளித்தனர். முடிவு 2017 இல் வெளியானது. நான்கு ஆண்டுகளின் பின் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் உயிருடன் இருந்தனர். சத்திரசிகிச்சை பெற்றவர்களில் இரு சிறுநீரகங்களையும் முழுதாக இழந்தோர் நூற்றுக்கு மூவரிலும் குறைவு. அங்குள்ள வசதிகள் எல்லாம் இங்கில்லை என்பது மெய்தான். ஆனால் வழி அதேதான். அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிறுவர் புற்றுநோய்க்கெனத் தனி விடுதிகள் உள்ளன.

எமது குடும்பங்களுக்குள்ள பெரிய ஆபத்து வேறொன்று. மருந்து ஏற்றியதும் கட்டி சுருங்கிவிடும். பிள்ளை சுகமானதுபோல் தோன்றும். பயணச் செலவும் கூலி இழப்பும் வாட்டும். இருப்பிடமும் மாறும். சிகிச்சை நடுவில் நின்றுபோனால் கட்டி மீண்டும் வளரும்.

நாம் செய்யவேண்டியவை

1. வயிற்றில் வீக்கம், சிறுநீரில் இரத்தம், காரணம் தெரியாத காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். படுவான்கரையார் மண்முனைத்துறையில் படகுக்குக் காத்திருந்த காலம் 2014 இல் பாலம் திறந்ததோடு போயிற்று. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வருவது இப்போது எளிது.

2. வயிற்றை அமுக்கவோ எண்ணெய் பூசி உருவவோ வேண்டாம். கட்டி வெடித்தால் நோய் வயிற்றுக்குள் பரவும்.

3. கிளினிக் கொப்பி, ஸ்கான் படங்களை நனையாத பையில் வைத்திருங்கள். இடம்பெயர நேர்ந்தால் முதலில் எடுக்கவேண்டியது அப்பை. புதிய இருப்பிடத்தையும் தொலைபேசி எண்ணையும் கிளினிக்கில் அறிவியுங்கள்.

4. மருந்து ஏற்றும் காலத்தில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முடி உதிர்ந்தால் பயப்படவேண்டாம், மீண்டும் வளரும்.

5. அயலவர்களே, தாய் பிள்ளையோடு விடுதியில் நிற்கும் நாட்களில் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுங்கள். வயலில் ஒருநாள் வேலை செய்துகொடுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கம் பயணச் செலவுக்குக் கைகொடுக்கட்டும்.

மருந்தைத் தருவது வைத்தியசாலை. கடைசி ஊசிவரை பிள்ளையை அங்கே கொண்டுசேர்ப்பது ஊரின் வேலை.