மருமக்கள் வழியும் மக்கள் வழியும்

சட்டம் பல, நீதி ஒன்றா? – பகுதி 9

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் என்ற பழைய விதியை 1925-இல் இங்கிலாந்து ஒழித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே ஆண்டில் திருவனந்தபுரத்திலும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. திருவிதாங்கூர் அரசின் நாயர் சட்டம் தறவாடு என்ற கூட்டுக் குடும்பத்தின் சொத்தைத் தலைக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொள்ள வழிவிட்டது.

அதுவரை நாயர் குடும்பங்களில் இருந்தது மருமக்கத்தாயம். ஒருவருடைய வாரிசு அவருடைய மகன் அல்ல, சகோதரியின் பிள்ளைகள். அரச பட்டமும் அப்படித்தான் இறங்கியது. தாய்வழியில் சொத்து போகிறது என்றதும் பெண்கள் கையில் அதிகாரம் இருந்ததாகத் தோன்றும். ஆனால் சொத்தை ஆண்டவர் காரணவர் என்ற மூத்த ஆண். வம்சம் பெண்ணால் தொடர்ந்தாலும், நெல்லை அளந்து கொடுத்தது அவர் கைதான். சட்டங்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. சொத்து யார் வழியாக இறங்குகிறது என்பது ஒரு கேள்வி. அதை யார் ஆள்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

இந்த முறையின் வலியை நன்றாக அறிந்த தமிழர்கள் நாஞ்சில் நாட்டு வேளாளர்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்தப் பகுதி அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே அவர்களும் மருமக்கள் வழியைப் பின்பற்றினார்கள். தகப்பன் கண்மூடியதும் சொத்து மருமகன் கைக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்று கொஞ்சம் கிடைத்தால் உண்டு. தேரூரில் பிறந்து திருவனந்தபுரத்தில் தமிழாசிரியராக இருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் துயரத்தைச் சொல்வதாக 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' பாடியது இதனால்தான். 1926-இல் வேளாளர்களுக்கும் தனிச் சட்டம் வந்தது. கானாவின் ஆகான் மக்களிடமும் இதே மருமக்கள் வழி உண்டு. அங்கே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கை உறுதிசெய்யும் சட்டம் வர 1985 ஆனது.

இனி, அதே திருவிதாங்கூரின் இன்னொரு சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1916-இல் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வாரிசுச் சட்டம் இயற்றப்பட்டது. மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு. விதவைக்குக் கிடைத்த பங்கு உயிருள்ளவரை மட்டுமே. மறுமணம் செய்தால் அதுவும் போகும். ஒரே சமஸ்தானம், ஒரே தலைநகர். ஆனால் ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த சட்டத்தில் நாயர் பெண் தலைக்கு ஒரு பங்கு பெற்றபோது, அடுத்த வீட்டுச் சிரியன் கிறிஸ்தவப் பெண் காலே அரைக்கால் என்று நின்றாள்.

கிறிஸ்தவ வழக்கமே அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஆரல்வாய்மொழியைத் தாண்டி, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நெல்லைச் சீமையில் கிறிஸ்தவ மகனுக்கும் மகளுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சம பங்கு கொடுத்தது. அது மட்டுமல்ல, ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கம் சில தாலுகாக்களின் லத்தீன் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் பிரிவினரிடம் இருந்ததை ஏற்று, திருவிதாங்கூர்ச் சட்டமே அவர்களுக்கு விலக்கு அளித்திருந்தது. சமத்துவம் எப்படி இருக்கும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

நாடு விடுதலை பெற்றது, திருவிதாங்கூர் இந்தியாவோடு இணைந்தது. அந்த 1916 சட்டம் மட்டும் நீதிமன்றங்களில் உயிரோடிருந்தது. கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1986 பிப்ரவரி 24-இல் தலைமை நீதிபதி பி.என். பகவதி, நீதிபதி ஆர்.எஸ். பாதக் அமர்வு தீர்ப்பளித்தது: 1951 ஏப்ரல் 1 அன்றே இந்திய வாரிசுரிமைச் சட்டம் திருவிதாங்கூர்ப் பகுதியிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது, பழைய சட்டம் அன்றே செத்துவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளாக மகள்களுக்கு மறுக்கப்பட்ட பங்கு சட்டப்படி அவர்களுடையதாகவே இருந்திருக்கிறது என்று ஆயிற்று. மருமக்கத்தாயக் கூட்டுக் குடும்பத்தையோ கேரளச் சட்டமன்றம் 1975-இல் சட்டமியற்றி ஒழித்தது.

ஒரு வாரிசு முறையை மட்டும் பார்த்தால், அது காலங்காலமாக அப்படித்தான் இருந்தது, வேறு வழியே இல்லை என்று தோன்றும். பக்கத்து வீட்டின் முறையை, பக்கத்துச் சீமையின் முறையை அருகில் வைத்தவுடன் அந்தத் தோற்றம் கலைந்துவிடுகிறது. இதை மனிதர்கள்தாம் எழுதினார்கள், மனிதர்களால் மாற்ற முடியும் என்ற தைரியம் வருகிறது. சட்டங்களை ஒப்பிட்டுப் படிப்பதன் பெரும்பயன் இதுவே என்று நான் நம்புகிறேன். எந்த நாட்டு வாரிசுச் சட்டத்தை எடுத்தாலும் நாம் கேட்க வேண்டியது, குடும்பத்தில் ஒருவர் இறந்த மறுநாள் வெறுங்கையோடு நிற்பது யார் என்பதைத்தான்.

(அடுத்த வாரம்: 1707-இல் டச்சுக்காரர்கள் தொகுக்கச் செய்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை)