அடுப்பு இல்லாத வீடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில் குடும்பமாகப் பங்கோர் தீவுக்குப் போனோம். மொத்தம் 11 பேர். வீடு தேடும் பொறுப்பு என்னுடையது. இணையத்தில் இரண்டு வாரம் அலசி, கடைசியில் ஒரு வீட்டை முடிவு செய்தேன். மூன்று அறை, குளிர்சாதனம், பால்கனி, கடல் காட்சி எல்லாம் இருந்தன. ஆனால் நான் மயங்கியது வேறொரு வரியில்: "முழு வசதி கொண்ட சமையலறை."

கணக்கு எளிது. 11 பேருக்கு மூன்று வேளையும் கடைச் சாப்பாடு என்றால் கை கடிக்கும். அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். கிள்ளானிலிருந்து கிளம்பும்போது காரில் அரிசி, மிளகாய்த்தூள், ஐஸ் பெட்டியில் தோசை மாவு, பெரிய ரைஸ் குக்கர். ஒரு வாரத்துக்கு முன்பே அம்மா சாமான் கட்டத் தொடங்கிவிட்டார். அதைப் பயண உற்சாகம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை, தெலுக் நீப்பாவில் இருவாச்சிப் பறவைகள் கூட்டமாக இறங்கி வருவதைப் பிள்ளைகள் கத்திக் கத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குக் காட்டலாமே என்று திரும்பினேன். அம்மா அங்கே இல்லை. வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விடுமுறைக்கென்று கடலோரத்தில் தங்கியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அந்த மூன்று நாளில் அவர் கடலைப் பார்த்தது ஃபெர்ரியில் போகவர இரண்டு முறை, கடலைப் பார்த்தபடி இருக்கும் பத்திரகாளியம்மன் கோயிலில் ஒரு முறை. வீடு திரும்பியதும், எப்படியம்மா இருந்தது என்று கேட்டேன். "வீடு நல்லா இருந்திச்சு. அடுப்புதான் கொஞ்சம் உயரம்," என்றார்.

அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. இந்த முறை வீடு தேட உட்கார்ந்தபோது, முன்பு நான் எங்கெல்லாம் தவறவிட்டேன் என்று பார்த்தேன்.

பங்கோரைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். லூமுட்டில் காரை நிறுத்திவிட்டு ஃபெர்ரி ஏற வேண்டும். இறங்குவது தீவின் கிழக்குப் பக்கம். ஊர், கடைகள், மீனவக் குடியிருப்புகள், நெத்திலி வாசம் எல்லாம் அங்கேதான். குளிக்கும் கடற்கரைகளான பாசிர் போகாக்கும் தெலுக் நீப்பாவும் மேற்குப் பக்கம். நான் எடுத்த வீடு கிழக்கில் இருந்தது. பால்கனியில் நின்றால் கடல் தெரிந்தது, அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்தது மீன்பிடிப் படகுகள் நிற்கும் கடல். மணலில் கால் வைக்க இளஞ்சிவப்பு வேனைக் கூப்பிட்டு மறுகரைக்குப் போக வேண்டும். 11 பேருக்கு ஒரு வேன் பற்றாது. "நீங்க போங்க, நான் சமைச்சு வைக்கிறேன்" என்று ஒருவர் தங்கிவிடுவார். அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இப்போது வரைபடத்தைத் திறக்காமல் படங்களைப் பார்ப்பதில்லை. "கடற்கரைக்கு 5 நிமிடம்" என்றால் நடந்தா, வேனிலா என்று கேட்கிறேன். நடந்து என்றால் யார் நடந்து? எட்டு வயதுப் பையனின் ஐந்து நிமிடம் அம்மாவின் முழங்காலுக்குப் பதினைந்து நிமிடம்.

எந்தத் தீவு, எந்த மாதம் என்பதும் முக்கியம். தீபாவளி நெருங்கும்போது நேயர்கள் என் நிகழ்ச்சிக்கு அழைத்து, பெர்ஹெந்தியான் போகலாமா, ரெடாங் போகலாமா என்று கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக்கரைத் தீவுகளில் பெரும்பாலான தங்கும் விடுதிகள் மூடியிருக்கும், கடலும் முரடாக இருக்கும். மேற்குக்கரையில் பங்கோருக்குத் தீபகற்பமே ஒரு மதில் மாதிரி நிற்கிறது. மழை வரும், ஆனால் தீவு மூடுவதில்லை. மாசி மகத்தன்று மட்டும் யோசித்துப் போங்கள். அம்மன் கோயிலுக்குப் பக்தர்கள் திரண்டு வருவார்கள், அறை கிடைப்பது கடினம்.

இனி வீட்டுக்காரரிடம் என்ன கேட்பது? படம் அனுப்புங்கள் என்று நான் கேட்பதே இல்லை. வாசல் கேட்டிலிருந்து கட்டில் வரை நடந்தபடி கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்து அனுப்பச் சொல்கிறேன். படத்தில் மறைந்திருப்பதெல்லாம் அதில் வந்துவிடும்: எத்தனை படி, பிடித்து ஏறக் கம்பி உண்டா, கழிவறையில் உட்காரும் வகையா குந்தும் வகையா, குளியலறைத் தரை வழுக்குமா. இப்படி ஒரு காணொளி எடுக்கவே தயங்கும் ஆளுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். இல்லாத வீட்டைக் காட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. துப்புரவுக் கட்டணம், வைப்புத்தொகை, வார இறுதி விலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே ஓர் இரவுக்கு எவ்வளவு என்று சொல்ல முடியும். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரக்காரர்களை விட்டுவிட்டு, வயதானவர்களோடு போனவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்று, நேரம். காலை 11 அல்லது 12 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். போய்ச் சேரும் நாளிலோ பிற்பகல் 3 மணிக்குத்தான் சாவி. முதல் ஃபெர்ரியைப் பிடித்துச் சாமர்த்தியமாகப் போய்விட்டு, பையோடு வெயிலில் உட்கார்ந்திருந்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

இந்த முறை தெலுக் நீப்பாவில் சின்னச் சின்ன அறைகளாக மூன்று எடுத்தேன். சமையலறை கிடையாது. ஒரு மின்கெண்டி, நான்கு குவளை, அவ்வளவுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புயல் அடித்தது. செலவு யார் செய்வது என்றார் அண்ணன். அம்மா என்ன சாப்பிடுவார் என்றார் அக்கா. அம்மாவும் தன் பங்குக்கு, ஒரு சின்ன கேஸ் அடுப்பு கொண்டு வரட்டுமா என்று கேட்டார். மூன்று இரவை இரண்டாகக் குறைத்தேன். மிச்சமான வாடகை, கடைச் சாப்பாட்டுச் செலவில் பெரும்பகுதிக்குச் சரியாகப் போயிற்று. அண்ணன் அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாத அம்மா, முதல் நாள் இரவு கடையில் ஆவியில் வேகவைத்த மீனைக் கேட்டு வாங்கி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு விழித்தேன். அம்மா அதற்கு முன்பே எழுந்து, கெண்டியில் வெந்நீர் வைத்து எல்லாக் குவளையிலும் மைலோ கலக்கி முடித்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"இனி என்ன செய்றது?"

"ஒண்ணுமில்லம்மா."

அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வெளியே நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். உள்ளே வந்து படுக்கை விரிப்பை மடித்தார். மறுபடி வெளியே போனார். நான் தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது மணி எட்டு. நாற்காலி காலி. பதறிப் போய்த் தேடினேன். மேற்குப் பார்த்த கடற்கரை என்பதால் மலையின் நிழல் மணல் முழுவதும் கிடந்தது, வெயில் இன்னும் எட்டவில்லை. அம்மா கைலியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, முழங்கால் நனையும் தண்ணீரில் தனியாக நின்றுகொண்டிருந்தார். காலணி இரண்டும் கரையில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

"பசியாறப் போலாமாம்மா?" என்று கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நீ புள்ளைங்கள கூட்டிட்டுப் போ. நான் வரேன்."